இரண்டாவது வரி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜூலியா வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் நடந்தாள். அவள் புருஷன் லூர்துராஜ் பின்னாலேயே போனான். வாரம் முழுக்க மண்டியில் நெல்மூட்டை தூக்கிய தோள், ஞாயிறு ஆனால்தான் வலிக்கவே ஆரம்பிக்கும். பாயை விரித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஆனால் பூசையில் அவள் ஒரு பாட்டுக்குக்கூட வாய் திறக்காததைக் கவனித்திருந்தான்.

"இன்னா ஜூலி, கறி எடுக்கணுமா?"

"சென்டருக்கு மாமா. கொஞ்ச நேரம் எங்கூட உக்காரு."

சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். ஜூலியா அங்கே டீச்சர். சனிக்கிழமைகளில் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப்போய், மலைப் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை அறையில் வகுப்பு எடுப்பாள். அவளாகக் கேட்டு வாங்கின வகுப்பு அது. போன தடவை சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் நாற்காலிகள்தான் மிச்சம். இந்தத் தடவையும் ஆள் நிற்காவிட்டால் வெள்ளிமலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று முதலாளி தீனதயாளன் சொல்லிவிட்டார். புது வகுப்பை எந்த மொழியில் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

"மொழின்னா, தமிழா இங்கிலீஷா?"

"கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழி மாமா. அதுல நெறைய இருக்கு. சார் 'சி'தான் அஸ்திவாரம்ன்றாரு. போன வாட்டி அதுலதான் ஆரம்பிச்சேன். பைதான்னு ஒண்ணு இருக்கு, சுளுவா வரும்ன்றாங்க. எனக்கு ரெண்டும் பழகிப்போச்சு, அதனால எது கஷ்டம்னே தெரியல. ஒண்ணுமே தெரியாத ஆளு ஒண்ணு வேணும்."

"அதுக்கு என்ன விட்டா இந்தத் தாலுக்காவுல யாரு இருக்கா" என்று லூர்துராஜ் படியேறினான்.

அவன் எழுத்துக் கற்றதே கல்யாணத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இரவுப் பள்ளிக்கு இரண்டு தரம் போய், அ ஆ அட்டையைத் தாண்டாமல் ஓடி வந்தவன். ஜூலியா அட்டையைத் தொடவில்லை. இன்னா படிக்க ஆசை என்று மட்டும் கேட்டாள். உம் பேரு என்றான். எடுத்த எடுப்பிலேயே ஜூ. அந்தக் கொக்கியை வளைக்கத் தெரியாமல் வளைத்து, கோணலாய் ஒன்று போட்டுவிட்டு, மறுநாளும் தானாக வந்து உட்கார்ந்தான். இங்கிலீஷ் எழுத்து லாரி நம்பர் பலகையில் பழகியது. பெரிய எழுத்து மட்டும் தெரியும்.

முதலில் 'சி'. அவள் சொல்லச் சொல்ல, காய்ப்புக் காய்த்த விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினான். விசையில் பெரிய எழுத்து இருந்தது, திரையில் சின்ன எழுத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் இது அதுதானா என்று அவளைக் கேட்டான்.

"வரி முடிஞ்சா புள்ளி வெச்ச கமா போடணும் மாமா."

"முடிஞ்சது அதுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"நம்ம மண்டி மேஸ்திரி மாதிரி. மூட்டைய எறக்குனா பத்தாது, எறக்கிட்டேன்னு கத்தவும் செய்யணும்."

ஜூலியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பெயரை மட்டும் அவளே தமிழில் போட்டுக் கொடுத்தாள். ஓட்டிப் பார்த்தபோது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாய்க் கேள்விக்குறி நின்றது.

"யாருன்னு என்னையே கேக்குதா?"

"இங்க இருக்கறது பழைய 'சி'. அதுக்குத் தமிழ் தெரியாது."

அடுத்து பைதான். ஒரே வரி. தட்டியதும் கறுப்புத் திரையில் 'லூர்துராஜ்' என்று வந்தது. அவன் கிட்டே குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பார்த்த பெயர்தான். ஆனாலும் இது அவன் சொல்லி வந்தது.

"உம் பேரும் வருமா?"

"அஞ்சு வாட்டி வரவைக்கலாம்" என்று இரண்டு வரி அடித்தாள். மேல்வரி, இத்தனை தடவை செய் என்று சொல்வது. கீழ்வரி, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது. "நான் போய் டீ வாங்கியாறேன். அந்தப் பச்சை பொத்தான அமுக்கு."

அவள் படியிறங்கினாள். லூர்துராஜ் திரையைப் பார்த்தான். மேல்வரி ஓரத்தில் நின்றது. கீழ்வரி உள்ளே தள்ளிப் போயிருந்தது. மண்டியில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடும்போது ஒரு மூட்டை இப்படி உள்ளே போனால் மேஸ்திரி பிரிக்கச் சொல்லுவான், மேலே ஏற ஏற மொத்த அட்டியும் சாய்ந்துவிடும் என்று. அவசரத்தில் கோணலாகப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. அவன் அழிக்கிற விசையைத் தேடிக் கண்டுபிடித்து, மெல்ல மெல்லத் தட்டி, கீழ்வரியை இழுத்து மேல்வரிக்கு நேராக நிறுத்தினான். இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

சிவப்பு சிவப்பாய் இங்கிலீஷ் கொட்டியது.

லூர்துராஜ் கையை எடுத்துக்கொண்டான். அவள் பிழைப்பு நடத்துகிற இடம். ஊரான் வீட்டு மிஷின். சத்தம் போடாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெளியே வந்தான்.

டீயோடு வந்த ஜூலியா, மாடிப்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"இன்னா மாமா இங்க வந்து குந்திக்கினு?"

"நேரமாச்சு, வூட்டுக்குப் போலாம்னு."

"இன்னா ஆச்சு?"

அவன் தலையை உள்பக்கம் ஆட்டிக் காட்டினான். "செவப்பா ஏதோ வந்துது. கெடுத்துட்டேன் போல. உனக்கு ஏச்சு வரப்போவுது."

ஜூலியா டீயைப் படியில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் புள்ளைங்களும் இப்டித்தான் மாமா. பஸ்சுக்கு நேரமாச்சு டீச்சர்னு சொல்லிட்டு ஒண்ணொண்ணா எழுந்து போச்சுங்க. பஸ்சுக்கு அவ்ளோ நேரம் இருக்குதே, ஏன் போவுதுங்கன்னு நெனைச்சுக்கினே இருந்தேன். கெடுத்துட்டோம்னு பயந்துதான் போல."

அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "இத ஏன் நேராக்குன?" அவன் அட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இங்க கீழ்வரி மேல்வரியோட ஆளு. உள்ள தள்ளி நின்னாத்தான், தன்னோட ஆளுன்னு மேல்வரி கூப்ட்டுக்கும். இந்தச் செவப்பு திட்டல மாமா. ரெண்டாவது வரியப் பாருன்னு சொல்லுது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? அதுக்கு இத்தினி செவப்பா?"

அவளைக் கேட்டுக் கேட்டு வரியைத் தானே உள்ளே தள்ளினான். ஜூலியா ஜூலியா என்று வரிசையாய் இறங்கியது. அவன் மறுபடி வரியை வெளியே இழுத்துச் சிவப்பு வரவைத்தான். மறுபடி தள்ளினான். மூன்றாவது தடவை அவளைக் கேட்காமலே செய்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் கறிப்பையோடு தீனதயாளன். "சென்டர் தொறந்திருக்கேன்னு பாத்தேன். இன்னாம்மா, ஞாயித்துக்கெழம?"

"மொழி தேடிக்கினு இருந்தோம் சார். பைதான்ல ஆரம்பிக்கறேன்."

"அதுல ஆரம்பிச்சா சோம்பேறி ஆயிடுவாங்கம்மா. 'சி' படிச்சாதான் உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும்."

"நீங்க சொல்றது நெசம்தான் சார். பின்னாடி 'சி'யும் எடுக்கறேன். ஆனா சோம்பேறி ஆவறதுக்காவது அதுங்க வந்து உக்காரணுமே."

தீனதயாளன் கறிப்பையைக் கை மாற்றிக்கொண்டார். திரையில் இறங்கியிருந்த பெயர்களைப் பார்த்தார், லூர்துராஜைப் பார்த்தார். "அண்ணன் போட்டதா?"

"ஆமாங்க. மொதல்ல சாஞ்சிடுச்சு."

"சரிம்மா. இந்த ஒரு வாட்டி உன் இஷ்டம்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் லூர்துராஜ் மண்டியிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றான். சட்டையில் நெல் தூசி அப்படியே இருந்தது. வழக்கமாக அவள் வருகிற மலைப் பஸ்ஸில் அவள் இல்லை. அதற்கடுத்த பஸ்ஸில்தான் ஜூலியா இறங்கினாள். மலைச்சாலை வளைவில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல, தலை கலைந்து கிடந்தது.

"இன்னா லேட்டு? போய்ட்டாங்களா எல்லாம்?"

"மொத வேலையா எல்லாரையும் செவப்பு வரவைக்கச் சொன்னேன். எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் ஆரம்பிச்சாருன்னு சொன்னேன். ஒரு பொண்ணு, எனக்கு இன்னும் வரல டீச்சர்னு அழுவாத கொறை." பையை அவன் கையில் கொடுத்தாள். "பஸ்சுக்கு நேரமாச்சுன்னு யாரும் சொல்லல மாமா. கடைசியில நாந்தான் சொன்னேன்."