பெயர் கேட்காமல் சாப்பிட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். காலை பஸ்ஸில் எந்த சீட் காலியாக இருக்கும் என்பது தெரியும். வீட்டுப் படியேறும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்பது தெரியும். மனைவி வாயைத் திறக்குமுன் என்ன சொல்லப்போகிறாள் என்பதும் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பெரிய சந்தைக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி வேறு வேறு தேசத்துக்காரர்கள் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார்கள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் ஒரு சமையல்காரர். மார்போடு அணைத்த பாத்திரத்தோடு வியர்த்து வழிந்து நின்றார். மெக்கானிக் கதவைப் பிளந்து அவரை வெளியே இழுத்துவிட்டார். சமையல்காரரின் பேச்சு இவருக்குப் புரியவில்லை. அவரோ விடுகிற ஆளாக இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்காரவைத்து, ஒரு கிண்ணத்தை முன்னால் நகர்த்தினார்.

கறுத்த சாறு. அதற்குள் வழுவழுவென்று ஏதோ ஒன்று. வாயில் போட்டதும் புளித்தது, பிறகு புகை அடித்தது, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல இனித்தது. மீனா, காயா, காளானா, ஒன்றும் பிடிபடவில்லை. மெக்கானிக்குக்கு நெஞ்சு படபடத்தது. வாய்க்குள் இருப்பது இன்னதென்று தெரியாமல் போய் எத்தனை காலமாயிற்று!

மறுநாள் வேலை இல்லாமலே அங்கே போய் நின்றார். அதே கிண்ணம், அதே சாறு. ஆனால் முதல் வாயிலேயே இது நேற்றையதுதான் என்று நாக்கு சொல்லிவிட்டது. சுவையாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதியில் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனார்.

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையான புளித்த ரொட்டி, கடல் பிராணியின் மையில் கறுத்த சாதம், நீல நரம்போடிய பாலாடைக்கட்டி, எண்ணெயில் பொரித்த பூக்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கவேண்டிய மீன். எதையும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார். அடுத்தவர் தட்டைக் காட்டி, “அது” என்பார். வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முதல் வாய்க்காகத்தான் எல்லாம். இரண்டாவது வாய்க்கே அடுத்த கடைக்குப் போகக் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஃபிரிட்ஜைத் திறப்பார், மூடுவார். பால்கனிக்குப் போவார், வருவார். தட்டில் போட்டது அப்படியே கிடக்கும்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். கண்ணாடி வில்லையில் மயிரிழைக் கீறலையும் கண்டுபிடித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகத்தில் இருப்பது தெரியாதா?

“சட்டையில என்னங்க வாசனை?”

“கிரீஸ்.”

“இத்தனை வருஷமா துவைக்கிறேன். கிரீஸ் வாசனை எனக்குத் தெரியாதா?”

மறுநாளே தம்பியைக் கூப்பிட்டாள். குடும்பத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காதில் விழுந்ததை ஒலிபரப்பாமல் அவனால் இருக்க முடியாது. மாமா வேலை முடித்து எங்கே போகிறார் என்று பார்த்துவரப் போனவன், மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

“அக்கா, யாரும் இல்லக்கா. மாமா தனியாத்தான் உக்காந்திருந்தாரு. சின்ன முள்கரண்டி மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு நோண்டி நோண்டி...”

“என்னத்தடா நோண்டினாரு?”

“நத்தைக்கா.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு பொம்பளையா இருந்தா நேரா போயி நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரலாம். நத்தைகிட்ட போயி என்னத்தடா கேக்கறது?”

அவர் வந்தபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அவள், “நாளைக்கு எனக்கு லீவு. நானும் வர்றேன்” என்றாள்.

“எங்க?”

“நத்தை திங்க.”

மெக்கானிக் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மறுநாள் மதியம் நல்ல புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் கூடவே வந்தாள். அவர் மூன்றாம் மாடியில், இதுவரை நுழையாத ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அதையும் இதையும் விரலால் காட்டினார். இலையில் பொதிந்து, மேலே சிவப்புப் பொடி தூவி, வெள்ளையாக ஒன்று வந்தது. தொட்டால் நடுங்கியது. அவர் கண்ணை மூடி ஒரு துண்டை வாயில் போட்டார். ஏதோ ஒரு புளிப்பு மெல்ல எழும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, “இது எதுலம்மா செய்யறது?” என்று மனைவியின் குரல்.

பரிமாறிய பெண்ணுக்குப் பாஷை தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் மண் ஒட்டிய கிழங்கு ஒன்றை எடுத்துவந்தாள். தோலைச் சீவுவதுபோல, துருவுவதுபோல, துணியில் பிழிவதுபோல எல்லாம் செய்து காட்டினாள். மனைவியும் பதிலுக்குக் கையை ஆட்டிக் கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அட, கிழங்குதாங்க! ஊறவச்சுப் புளிக்க விடறாங்களாம்.”

மெக்கானிக் கரண்டியைத் தட்டில் போட்டார். “உன்னை யாரு கேக்கச் சொன்னா?”

“கேட்டா என்ன இப்ப?”

“தெரிஞ்சுட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் அதுல என்ன இருக்கு?” குரல் அவரையறியாமல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். “ஓகோ. அப்ப என்னைத் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு, இல்லையா?”

மெக்கானிக் போட்ட கரண்டியைத் திரும்ப எடுத்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள்.

பில்லைத் தீர்த்துவிட்டு லிஃப்ட்டில் இறங்கினால் முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். கீழே வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தார். அவளைக் காணோம். பஸ் நிறுத்தம் வரை ஓடிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அவளுக்குப் போன் போட்டார்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கோபித்துக்கொண்டால் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள், இல்லையென்றால் தம்பி வீட்டுக்குப் போவாள். அவருக்குத் தெரிந்தது அந்த இரண்டுதான். ரேடியோவைக் கூப்பிட்டார்.

“இங்க வரலையே மாமா! என்ன மாமா ஆச்சு?”

வைத்துவிட்டார். திரும்பக் கட்டடத்துக்குள் நுழைந்து, படியேறி, ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தார். இரண்டாம் மாடியின் கோடியில் ஒரு சின்னக் கடை. மூலை மேசையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கதான் இருக்கியா?”

“பசிச்சுது. சண்டை போட்டா பசிக்காதா?”

எதிரே உட்கார்ந்தார். அவள் தட்டில் கருகருவென்று குழையக் குழைய வெந்த ஏதோ இலை. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டவருக்கு உச்சந்தலை வரை கசப்பு ஏறியது. இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் தண்ணீரை நகர்த்திவிட்டு, தட்டின் ஓரத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

“உனக்குக் கசக்கலையா?”

“கசக்குது. அதனாலதான் நல்லா இருக்கு.”

“கசப்பு பிடிக்குமா உனக்கு?”

“சின்னதுலேர்ந்தே உசுரு. கல்யாணமான புதுசுல ஒருநாள் கசப்பா ஒண்ணு செஞ்சு வச்சேன். ஒரு வார்த்தை பேசல நீங்க. தட்டை அந்தப் பக்கம் தள்ளி வச்சீங்க. அதோட வீட்டுல விட்டுட்டேன். கடையில கூட வேலை செய்யற பொண்ணு கொண்டுவந்தா மட்டும் வாங்கித் திம்பேன்.”

தட்டைத் தள்ளியதை அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. அவள் மறக்காமல் வைத்திருப்பது அவருக்கு நினைவில்கூட இல்லை. சங்கடமாக இருந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நான் என்ன லிஃப்ட்டா, ரிப்பேர்னா கிறீச்சுன்னு சத்தம் போட?”

சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி, இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

இவளைப் பற்றி வேறு என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறது? கேட்கலாம்தான். எங்கே ஆரம்பிப்பது? கடையில் கூட வேலை செய்யும் அந்தப் பெண்ணின் பெயரே அவருக்குத் தெரியாது. வாயில் கசப்பு போகவே இல்லை. எதிர்க்கடையில் யாரோ பெரிய மூடியைத் தூக்க, குப்பென்று ஆவி எழும்பியது. இதுவரை முகராத மணம். கால் தானாக ஆடத் தொடங்கியது.

“போலாமா? எதிர்ல என்னவோ...”

“உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல.”

தட்டு வந்தது. அவள் கைப்பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். அவர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.