வேரோடு ஒரு கட்டு

நஃபீசா தராசில் கூடையை வைத்தாள். முளைக்கீரையின் வேர்களிலிருந்து சேறு சொட்டியது. திரையில் எண் நின்றதும் அவள் தம்பி சுஹைப் கைதட்டினான்.

"லாத்தா, பாஸாயிட்டோம்!"

"வேரை வெட்டிட்டுத்தான் எடை போடணும்" என்றேன்.

பண்ணைகளுக்கு அரசு தரும் மானியத்தைச் சரிபார்ப்பது என் வேலை. சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் இவர்கள் பண்ணைக்குப் பாதி மானியம் முன்பே வந்து, கீரை வளர்க்க ஒரு கூடாரம் எழுந்துவிட்டது. சொன்ன விளைச்சலைக் காட்டினால்தான் மீதி. இன்று கடைசி எடை. இரண்டாவது கூடாரம் கூரையில்லாமல் வெறும் கம்பிகளாக நின்றது. பணம் வராவிட்டால் அப்படியேதான் நிற்கும்.

"வேர் இல்லாத கீரைய தேக்காவுல யார் சார் தொடுவா? ஆன்ட்டிங்க வேரப் பாத்துத்தான் எடுப்பாங்க. நாங்க ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் எடை போட்டோம். ரூல்ஸ்ல இத கவனிக்கல லா."

அவன் சொன்னது உண்மை. என் மனைவி நிரஞ்சனாவும் வேரை ஒடித்து முகர்ந்துதான் வாங்குவாள். அவள் இறந்த பிறகு நான் தேக்கா சந்தைக்குப் போனதில்லை. சமைப்பதும் இல்லை. அனுப்பும் இடத்துக்குப் போகிறேன், படிவத்தின் கட்டங்களை நிரப்புகிறேன். இந்தக் கட்டத்தில் எந்த எண் இருந்தால் என்ன என்று தோன்றியது.

"வேரோடவே எழுதிடறேன். யாரும் பாக்கப் போறதில்ல."

சுஹைப் அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் அதற்குள் இரண்டாவது கூடாரத்தின் கூரை ஏறிவிட்டிருந்தது.

நஃபீசா வங்கி வேலையை விட்டுவிட்டு மண்ணில் இறங்கியவள். கத்தியை எடுத்து, கட்டுக் கட்டாக வேரை வெட்ட ஆரம்பித்தாள்.

"லாத்தா, உங்களுக்கென்ன பைத்தியமா? சாரே சொல்றாரு!"

"சார் தூக்கமில்லாம சொல்றாருடா. கண்ணப் பாரு." கத்தி நிற்கவில்லை. "இவ்வளவு விளைய வெப்பேன்னு சொல்லி வாங்கின காசு சார் அது. வெச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியணும்ல?"

வெட்டிய கூடை தராசில் ஏறியது. குறைவு. கொஞ்சம்தான், ஆனாலும் குறைவு. நான் எழுதிக்கொள்வதற்காக அவளே எண்ணை உரக்கப் படித்தாள். குரல் தடுமாறவில்லை. கத்தியை மட்டும் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அந்த எண்ணையே எழுதினேன். அதற்குக் கீழே, யாரும் கேட்காததையும் எழுதினேன்: இந்தக் கீரை வேரோடுதான் விற்கிறது, வேரையும் விளைச்சலில் சேர்க்க முடியுமா என்று பார்க்கவும். வெகுநாளைக்குப் பிறகு நானாக எழுதிய வாக்கியம் அது.

நஃபீசா எட்டிப் பார்த்தாள். "இதுக்குக் குடுப்பாங்களா?"

"தெரியல."

"சரி." மற்ற கூடைகளை வேரோடு லாரியில் ஏற்றச் சொன்னாள். "உங்களுக்கு ஒரு கட்டு குடுத்தா வாங்க மாட்டீங்க. தேக்காவுல காதர் மைதீன் கடையில காசு குடுத்து வாங்கிக்கங்க."

"எங்ககிட்ட டிஸ்கவுண்ட் கேக்காதீங்க" என்றான் சுஹைப், கோபம் தீராமலே.

மாலையில் தேக்காவில் இறங்கினேன். காதர் மைதீன் நஃபீசாவின் காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கீரை வந்ததுமே அள்ளிட்டாங்க தம்பி."

"நாளைக்கு வருமா?"

"அந்தப் புள்ள அனுப்பாம இருக்காது. எடுத்து வைக்கவா?"

"ஒரு கட்டு."

அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். நாளைய கட்டுக்குச் சொல்லிவைத்த பலருடைய வளையங்கள் அங்கே ஏற்கெனவே தொங்கின. மின்விசிறிக் காற்றில் என்னுடையதும் அவற்றோடு ஆடியது.