வேல்ராஜ் வண்டி இன்னும் வரவில்லை

அந்த வரி முதல்முறை வந்த சாயங்காலம் நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் நாற்காலி சட்டென்று பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மருமகள் சுசித்ரா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு வரி:

"வேல்ராஜ் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்கிறேன்."

வேல்ராஜ் என் மகன், அவள் புருஷன். பழனி மலைச்சாலையில் பதிமூன்றாவது வளைவில் அவன் லாரி உருண்டு அன்றோடு பத்தொன்பது நாள். காரியமெல்லாம் முடிந்து, அன்றைக்குத்தான் அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்திருந்தாள்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வில்பட்டியிலிருந்து தினமும் ஆறு லாரி காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். இப்போது ஐந்து. அடிவாரத்தில் இருக்கிற செக்போஸ்ட்டை அடைந்ததும் ஒவ்வொரு டிரைவரும் போனில் 'வந்தாச்சு' என்று அமுக்குவார். அன்றைய பட்டியல் மூடும்வரை வந்த வண்டி எதுவும் அங்கிருந்து நகராது. மலையில் ஒருத்தனை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று டிரைவர்கள் அவர்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டு அது. அந்தப் பட்டியலுக்குப் புரோகிராம் எழுதியவள் சுசித்ரா. இவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஏஐ இருக்கிறது. சாயங்காலம் பட்டியலைச் சரிபார்த்து மூடுவதும் அதுதான். அந்தப் பத்தொன்பது நாளும் பட்டியல் போடவில்லை.

"தெனமும் அதே நாலு வரிய அடிக்க முடியல அத்தை," என்று வேல்ராஜ் இருந்தபோது ஒருநாள் காட்டினாள். "அதான் ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டேன். ஒரு சாய்கோடு போட்டு 'மூடு'ன்னு அடிச்சாப் போதும். ஃபைல எடுத்துப் படிச்சு, அதுல இருக்கிறத வரிசையாச் செஞ்சிரும்."

"என்ன எழுதினாலும் செய்யுமா?"

"செய்யும். உங்க மகன் மாதிரி இல்ல."

மூன்று பேரும் சிரித்தோம். வேல்ராஜ்தான் அதிகமாகச் சிரித்தான்.

பிறகு கார்த்திகையில் ஒருநாள் மலையில் அவன் வண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. ஆறு மணி ஆனதும், ஃபைலில் எழுதியிருந்தபடி பட்டியல் மூடிவிட்டது. அவன் அன்றைக்குக் கிளம்பவில்லை என்று நினைத்து மற்றவர்கள் போய்விட்டார்கள். பனிமூட்டத்தில் இரண்டு மணி நேரம் தனியாக நின்றிருக்கிறான். அவன் வீடு வந்து சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. மறுநாள் சுசித்ரா குளிக்கப் போயிருந்தாள். ஃபைல் திறந்து கிடந்தது. போனில் வெளியூரில் இருக்கிற மகள் வீட்டுப் பேத்திக்கு டைப் பண்ணிப் பண்ணி எனக்குப் பழக்கம்தான். அடியில் போய் நானே ஒரு வரி எழுதினேன். அவள் கண்ணில் பட்டால் திட்டுவாளே என்று நடுவில் நிறைய இடம் விட்டு எழுதினேன்.

ஆக, அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூடப் பேசாமல் அனுப்பாதவள் நான். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் புரோகிராமை மேலிருந்து கீழ்வரை தேடினாள். ஃபைலைத் திறக்கவில்லை. தான் எழுதிய நாலு வரியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பாள்.

"அதுகிட்டயே ஏன்னு கேளேன் ஆத்தா," என்றேன். அதுவாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று.

"கேட்டாச் சொல்லிரும் அத்தை. அதான் பயமா இருக்கு."

முதல் நாள் ஏழு மணிவரை பார்த்துவிட்டுக் கையால் மூடினாள். மறுநாள் ஏழரை. அதன்பிறகு எட்டு. நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காப்பி கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே பதில் எழுதியிருந்தாள்: "சரி. பனியா இருக்கு, மெதுவா வாங்க."

அதற்குக் கீழே ஏஐயின் பதில்: "சரி, காத்திருக்கிறேன்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அன்றிலிருந்து சோற்றை மூன்று தட்டில் போட்டாள்.

பதினோராம் நாள் காலையில் சஜ்ஜாத் வந்தான். வேல்ராஜுக்குப் பின்னாலேயே வண்டி இறக்குகிறவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"ஏலே, என்னலே இது?"

"வேல்ராஜ் வண்டி வரல, காத்திருக்கவும்னு எங்க எல்லாருக்கும் மெசேஜ் வருதும்மா. வந்தா நகர முடியுமா? தெனமும் நிக்கோம். நேத்து நின்னுக்கிட்டிருக்கப்ப மேல ஹாரன் சத்தம் கேட்டுச்சு. அவன் ஹாரன். அவன்தான் ரெண்டு தட்டு, ஒரு இழுப்பு இழுப்பான். மனசு கேக்கல. டார்ச்ச எடுத்துக்கிட்டு ஏறிட்டேன். பனியில எதுக்க வந்த ஜீப்புக்கு நான் நின்னது தெரியல. ஓடையில விழுந்து தப்பிச்சேன்."

"ஹாரன் கேட்டுச்சா அண்ணே?" என்று சுசித்ரா கேட்டாள். அடிபட்டதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"கேட்டுச்சு தங்கச்சி. இன்னிக்கு எல்லாருமாச் சேந்து மேல போய்ப் பாக்கலாம்னு இருக்கோம்."

அந்தப் பனியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் வீட்டில் என்னைப்போல ஒருத்தி இருப்பாள்.

"யாரும் ஏற வேணாம்லே," என்றேன். "ஃபைல்ல அத எழுதுனது நான்."

சுசித்ரா என்னைப் பார்க்கவில்லை. போய் ஃபைலைத் திறந்தாள். அவளுடைய நாலு வரி. வெற்றிடம். இன்னும் வெற்றிடம். கடைசியில்: "வேல்ராசு வண்டி கீழ வந்து சேர்ற வரைக்கும் லிஸ்ட்ட மூடிராத சாமி."

"இத்தனை நாளா அவருகிட்டப் பேசிட்டிருந்தேன் அத்தை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுனதுதான? நீங்களே அழிங்க."

மொத்தமாக அழிக்க எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் தெரியும். அமுக்க அமுக்கப் பின்னாலிருந்து போனது. சாமி போனது. மூடிராத போனது. வரைக்கும் போனது, கீழ போனது, வண்டி போனது. அவன் பெயர் மட்டும் நின்றது. விரல் அதற்குமேல் இறங்கவில்லை. அவளும் இறக்கச் சொல்லவில்லை.

அன்று ஆறு மணிக்கு அவள் சாய்கோடு போட்டு 'மூடு' என்று அடித்தாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கட்டளையின் கடைசியில் 'வேல்ராசு' என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. இவருக்கு என்ன செய்யவேண்டும் என்று எழுதவில்லை. என்ன செய்யட்டும்?"

ஜன்னலில் பனி வந்து அப்பியிருந்தது. சுசித்ரா எழுதினாள்: "ஒண்ணும் செய்ய வேணாம். பேரு அங்கயே இருக்கட்டும். நீ மூடு."

மூடியது. டிரைவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் போகிற செய்தி என் போனில் வந்தது: "இன்றைய பட்டியல் மூடப்பட்டது. வந்து சேர்ந்த வண்டிகள்: ஐந்து."

அதே நேரம் அலமாரியில் இன்னொரு போனும் ஒலித்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த வேல்ராஜ் போன், முழுச் சார்ஜோடு. தினமும் அதைச் சார்ஜில் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.