சத்தமில்லாத அழுகை

குழந்தை வாயைத் திறந்து அழுதாள், சத்தம்தான் வரவில்லை. தாய் விலாய் அந்த வாயருகே காதை வைத்துக் கேட்டாள். மூத்தவனுக்கும் இரண்டாம் மாதத்தில் இப்படித்தான் குரல் போயிற்று. தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, வண்டிக்குள், அவள் மடியில் அடங்கிப்போனான்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிவோன் குழந்தையின் நெஞ்சைக் கேட்டாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"தாய்ப்பால் மட்டும்தானே தங்கச்சி? நீ என்ன சாப்பிடற?"

கணவன் கம்சாய் முந்திக்கொண்டான். "பிரசவப் பத்தியம் ஒருநாள்கூட தப்பல டாக்டர். ஒட்டரிசிச் சோறு, உப்பு, சுட்ட சித்தரத்தை. மீனு, கறி எதையும் கிட்ட விடல. அரிசியக்கூட தண்ணி தெளியற வரைக்கும் நானேதான் கழுவுவேன்."

கம்சாயைப் பெற்ற சில நாளிலேயே அவன் அம்மா இறந்துபோனாள். பத்தியத்தில் எருமைக்கறி தின்றதால்தான் என்று ஊரே சொல்லும்.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. ஆக்சிஜன் குழாயை வைத்தபடி, "தயமின் எடு" என்று நர்ஸிடம் சொன்னாள். "கழுவிக் கழுவி ஆக்கின சோறும் உப்பும் மட்டும் சாப்பிட்டா பால்ல அந்தச் சத்து வராது தங்கச்சி. அதனால இதயம் தளர்ந்துபோச்சுன்னு நினைக்கறேன்."

"சத்து ஊசியா?" கம்சாயின் முகம் சிவந்தது. "மூச்சு விட முடியாம கிடக்கறா, சத்து ஊசி போடறீங்க. குழந்தையைக் குடு விலாய், தலைநகருக்குப் போயிடலாம். வண்டி வாசல்லதான் நிக்குது."

"அந்த மலைப் பாதையை இவ தாங்கமாட்டா. இதுக்கு ரத்தப் பரிசோதனை இங்க கிடையாது. ஊசி போட்டுத் தேறினாத்தான் காரணம் இதுன்னு தெரியும். வேற காரணமா இருந்தாலும் இந்த ஊசியால கெடுதல் வராது."

நினைக்கிறாளாம். நிச்சயமாகத் தெரியாதாம். விலாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"மூத்தவனைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். என்ன ஆச்சு?" என்றாள் கணவனிடம். "நான் வரல. போடுங்க டாக்டர்."

குழந்தைக்கு ஒரு ஊசி, விலாய்க்கு ஒரு ஊசி. பிறகு காத்திருப்புதான். மூச்சுக்கு மூச்சு சின்ன மூக்கு விடைத்தது. கம்சாய் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தான்.

"இந்த நடைக்குத் தலைநகருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். உட்காருங்க" என்றாள் நர்ஸ்.

வெயில் சாயத் தொடங்கியபோது மூக்கு விடைப்பது நின்றிருந்தது. உதட்டில் லேசாகச் சிவப்பு. குழந்தை முகத்தைத் திருப்பி மார்பைத் தேடினாள்.

"குடு" என்றாள் டாக்டர். "குரல் திரும்ப நாளாகும். இதயம் தேறிடுச்சு. ஆனா நீ இன்னிக்கே மீன் சாப்பிடணும். இல்லன்னா இது மறுபடியும் வரும்."

கம்சாய் தரையைப் பார்த்தான். "அப்ப மூத்தவன்..."

டாக்டர் அவன் தோளில் கை வைத்தாள். "உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

அவன் எழுந்து வெளியே போனான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் வாழையிலையில் சுட்ட மீன். கட்டிலோரம் உட்கார்ந்து முள்ளை எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான், கை மட்டும் நீளவில்லை.

"அம்மாவுக்கு ஆன மாதிரி உனக்கும் ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. குழந்தை இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். விலாய் வாயைத் திறந்தாள்.

ஊட்டிவிட்டு, இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்தான் அவன்.

"என்ன பண்ணுது?"

"பசிக்குது. இன்னும் குடுங்க."