ஏழாவது ஆள்

பருத்திக்காட்டிலிருந்து வந்த கருத்தையா கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மகன் வேல்சாமி ஜப்பானிய மொழிப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். "இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு..." அடுத்தது மறந்துபோய் அவன் நிறுத்தியதும் வெளியே ஒரு குரல் வெடித்தது.

"ஷிச்சி!"

வேல்சாமி ஓடிவந்து பார்த்தான். கும்பா கவிழ்ந்து கூழ் தரையில் ஓடியது. அப்பா இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, நாடியை உயர்த்தி, சுவரைப் பார்த்து விறைத்து நின்றார். அம்மா ஆறுமுகத்தாய் பதறிவந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் உதறிக்கொண்டு பின்னால் போனார். பிறகுதான் இது தன் வீடு என்று தெரிந்தவர்போல மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

கோயம்புத்தூரில் நெசவுத்தொழில் படித்துவிட்டுக் கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்த வேல்சாமிக்கு, ஜப்பான் அரசாங்கச் செலவில் ஒசாகாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் பயணம். மில்லில் ஒரு எந்திரம் நின்றுபோனால் வெளியூர் ஆளுக்காகக் கைகட்டிக் காத்திருப்பது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எந்திரத்தை உண்டாக்குகிற இடத்துக்கே போய்க் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. சேதி வந்த அன்று அம்மா தெருவுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தாள். அப்பா மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று வேல்சாமி நினைத்துக்கொண்டான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். சண்டை முடிந்து தனியாகத் திரும்பினார். தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்றார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

"அப்பா, இந்தப் பாசை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கருத்தையா சிந்திய கூழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல இருந்து சப்பான்காரன் லாரியில அள்ளிட்டுப் போனான். சயாம் காட்டுல ரயில்பாதை போட. காலையில வரிசையா நிக்கவச்சு நம்பர் சொல்லச் சொல்லுவான். சத்தம் கொறஞ்சா அடி. எனக்கு முன்னால ஒஞ் சித்தப்பன் நிப்பான். அவன் ஆறு, நான் ஏழு."

"ஏங்க, போதும்" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அவன் செத்த மறுநாளு நான் ஆறுன்னு சொல்லணும். வாயில வரல. ஏழுன்னே சொன்னேன். அதுக்கு விழுந்த அடிதான் இது." முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அந்தத் தழும்பை, மாடு முட்டியது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

வேல்சாமி கையிலிருந்த புத்தகத்தை மூடினான். "நான் போகலப்பா."

கருத்தையா சட்டென்று நிமிர்ந்தார். "ஒன்னப் போவாதன்னு யாருல சொன்னா?"

"அப்ப போகவா?"

"எங்கிட்டக் கேக்காத!" கத்தினார். "போன்னும் எனக்குச் சொல்லத் தெரியல. போவாதன்னும் சொல்லத் தெரியல. ஒங் காரியத்த நீ பாரு."

அதன்பிறகு வீட்டில் அவன் சத்தமாகப் படிக்கவில்லை. வேல்சாமி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனான். ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்கும்போது திருடுகிறமாதிரி கூசியது. படிப்பை விடவும் மனமில்லை. 'அடித்தவர்களும் அங்கேதானே இருப்பார்கள்? அவர்களில் எவனாவது இப்போது அங்கே வாத்தியாராக இருப்பானோ?' என்று நினைத்துப் பார்ப்பான்.

"அவிய மனசு எனக்குத் தெரியும். நீ பொறப்படு" என்று அம்மாதான் துணிகளை அடுக்கினாள்.

புறப்படுகிற அன்று கருத்தையா ஸ்டேஷனுக்கு வரமாட்டார் என்றே தாயும் மகனும் நினைத்தார்கள். ஆனால் ரயில் வந்து நின்றபோது அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கரிசல் அப்பிய காலோடு சன்னலருகே வந்தார். வேல்சாமி கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வண்டி ஊதியது. பிடி இறுகியது.

"வாரேம்பா."

வண்டி நகர்ந்தது. அவர் விடவில்லை. கூடவே நடந்தார். நடை ஓட்டமாயிற்று. "விடுங்க, விழுந்திராதீங்க!" என்று ஆறுமுகத்தாய் பின்னால் அலறினாள். அவர் வழியனுப்புகிறாரா, இறங்கச் சொல்கிறாரா? அந்த முகத்தில் வேல்சாமியால் எதையும் படிக்க முடியவில்லை. எழுந்து கதவுப் பக்கம் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடத்தில் பிடி நழுவியது.

அவன் கம்பியில் முகத்தை அழுத்தித் திரும்பிப் பார்த்தான். என்ஜின் புகைக்குள் அப்பா நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எதையோ பற்றியிருப்பதுபோல விரல்கள் இன்னும் மூடியிருந்தன.