கைக்கு எட்டாத பெயர்

கடைத்தெருவில் துணி தைக்கும் அக்காவுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். தொழிலைப் பார்த்து வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பார்த்து வைத்தது என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாக்கு ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து ஓயவில்லை. பெருநகரத்துக்கு இதுதான் முதல் பயணம். இதுவே கடைசியாகவும் இருக்கட்டும் என்று பாதி வழியிலேயே முடிவு கட்டிவிட்டாள். இடித்துவிட்டுப் போனவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை வாங்கி அவள் முகத்திலேயே அடித்தன. டீக்கடையில் கொடுத்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது குடிக்கவா, இல்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கவா?"

தங்கை சிரிக்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

தங்கையின் புருஷன் வெல்டர். இந்த நகரத்தின் பெரிய பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் சரிந்தது. ஆற்றில் விழுந்தவர்களில் அவனும் ஒருவன். உடம்பு கிடைக்கவில்லை. கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைத் தொட முடியாமல் போனதுதான் அவளுக்கு இத்தனை வருஷமும் ஆறாத புண். இப்போது பாலத்தைக் கட்டி முடித்து, அதன் அடியில் நினைவிடமும் எழுப்பி, இறந்தவர்கள் பெயரையெல்லாம் கல்லில் வெட்டியிருப்பதாகச் சேதி வந்தது.

"பேரையாவது தொட்டுட்டு வந்துடறேன்க்கா," என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அக்கா கடையைப் பூட்டிவிட்டுத் துணைக்குக் கிளம்பினாள்.

நினைவிடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெண், செல்ஃபிக் கம்பை நீட்டித் தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கியதில் கம்பு அக்காவின் மண்டையில் விழுந்தது.

"சாரி ஆன்ட்டி."

"கண்ணாடியில தினம் பாக்கிற மூஞ்சிதானே, அதுக்குள்ள மறந்து போச்சா?" என்றாள் அக்கா. அந்தப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்தாள். அவள் சட்டையின் தோள் தையல் விட்டுத் தொங்கியது. "பாத்தியாடி, கிழிஞ்ச துணியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவாங்களாம். நாம தெரியாத்தனமா முழுசா தைச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்."

நினைவிட வாசலில் பையைச் சோதித்த காவலாளி, துணி வெட்டும் கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டான். போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

"நிஜமான கத்தரியை உள்ளதான் விட்டிருக்காங்க," என்று தங்கை முணுமுணுத்தாள். அன்று காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த ஒரே வேடிக்கை அது. அக்காவுக்குப் புரியவில்லை.

உள்ளே புல்தரை, நீரூற்று. ஓரத்தில் ஒரு கடை. அதில் குட்டிக் குட்டிப் பாலங்கள் சாவிக்கொத்தில் தொங்கின.

"ஆளைக் கொன்ன பாலத்தை ஆணியில மாட்டி விக்கிறாங்க. ரெண்டு வாங்கினா ஒண்ணு இனாமாம்," என்றாள் அக்கா.

சுவர் பளபளவென்று கறுப்பாக நின்றது. நெஞ்சு உயரத்தில், தங்க எழுத்தில், அதைத் திறந்துவைத்தவரின் பெயர். அதற்கு மேலே திட்டம் போட்டவர்கள், அதற்கும் மேலே கட்டிக் கொடுத்தவர்கள். எல்லோரும் உட்கார்ந்தது போக மீதியிருந்த இடத்தில், கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டிய உயரத்தில், செத்தவர்கள்.

"ஆத்துல முழுகினவங்க மேல, அளந்து பாத்தவங்க நடுவுல, ரிப்பன் வெட்டினவரு கைக்கு எட்டற எடத்துல. நல்லா அடுக்கியிருக்காங்க."

தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். மேல் வரிசை. குதிகாலை உயர்த்தி, கையை நீட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை எம்பினாள். விரல், கட்டிக் கொடுத்தவர்கள் வரிசையோடு நின்றுவிட்டது.

அக்கா வாசலில் இருந்த காவலாளியிடம் போனாள். "தம்பி, ஒரு ஸ்டூல் கொடேன்."

"ஸ்டூலெல்லாம் கிடையாதும்மா. சுவரைத் தொடக் கூடாது. இங்க உக்காரவும் கூடாது."

"பின்ன என்னதான் பண்ணலாம்?"

"போட்டோ எடுத்துக்கலாம்."

திரும்பி வந்தபோது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "பரவால்லக்கா. பாத்தாச்சில்ல, போலாம்."

ஆற்றில் தேடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்ன அன்றும் இதே குரலில்தான் பரவாயில்லை என்றாள்.

"ஆன்ட்டி, எந்தப் பேரு?"

பஸ்ஸில் வந்த அதே பெண். அதே கம்பு.

"எதுக்கு? அது முன்னால நின்னு பல்லைக் காட்டவா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கை கை காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தாள். கம்பிலிருந்து போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கம்பை இழுத்து முழு நீளத்துக்கும் நீட்டினாள். "எட்டும்னு நினைக்கிறேன். ஏதாவது துணி வச்சிருக்கீங்களா?"

தங்கை கைப்பையைத் திறந்தாள். அவன் கடைசியாக வேலைக்குப் போன அன்று கொடியில் விட்டுப் போன வெள்ளைக் கைக்குட்டை. அக்கா கையால் ஓரம் அடித்தது. போன் இருந்த பிடியில் அந்தப் பெண் அதைச் செருகி, கம்பைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "நீங்களே பிடிங்க."

கைக்குட்டை தடுமாறித் தடுமாறி மேலே போனது. அவன் பெயரின் முதல் எழுத்தைத் தொட்டது. மெதுவாக அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

விசில் அடித்துக்கொண்டு காவலாளி ஓடிவந்தான். "தொடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"தொடலையே அண்ணா, துடைக்கிறாங்க," என்றாள் அந்தப் பெண். "அங்க எவ்வளவு தூசி பாருங்க."

உண்மைதான். கீழே தங்கப் பெயர் மின்னியது. மேல் வரிசைப் பக்கம் திறந்த நாளிலிருந்து யாரும் துணியோடு போனதில்லை. காவலாளி கறுத்துவிட்ட கைக்குட்டையைப் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

தங்கை கடைசி எழுத்துவரை போய்விட்டுத்தான் கம்பை இறக்கினாள். அழுக்குக் கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

விடுதி அறையில் காலையில் அக்கா கடவுளிடம் கேட்டிருந்தாள், இவ கை அங்க போய்ச் சேரணும் என்று. யாரையாவது அனுப்புவார், அதுவும் கொஞ்சம் அடக்கமான ஆளாகப் பார்த்து அனுப்புவார் என்று நம்பியிருந்தாள்.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். பழக்கமில்லாத வார்த்தை, வரவில்லை. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"இதை எந்தக் கடையில கிழிச்சுக் கொடுத்தாங்க?"

"கடையிலயா? ஏறும்போது பஸ் கதவுல மாட்டிக் கிழிஞ்சது ஆன்ட்டி. காலையிலேர்ந்து மானம் போகுது."

அக்கா கிழிசலை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு சுவரின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணையும் பக்கத்தில் இருத்தி, பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள்.

காவலாளி திரும்பினான். "அம்மா, இங்க உக்காரக் கூடாது."

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "தெரியும். கத்தரியைக் கொடுத்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். உன் சட்டையிலயும் ஒரு பட்டன் இல்ல. இவளுக்குப் பின்னால வந்து நில்லு."

அவன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வந்து நின்றான்.