குளத்தில் படகு இல்லை

சின்னவள் விழுந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கே நூறு தடவை நினைத்துக்கொண்டேன்.

குதிரைகளை ஏற்றி வந்த லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்திலிருந்து பயிற்சித் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு லாரியின் மேலிருந்த தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. எங்கள் குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததே அவனுடைய முறுக்குக்காகத்தான். யாராவது தும்மினால்கூடக் கோபித்துக்கொள்வான். முன்கால்களைத் தூக்கி ஒரு துள்ளு துள்ளினான். மேலே உட்கார்ந்திருந்த என் தங்கை பின்பக்கமாகச் சரிந்து, லாரியின் சாய்வுப் பலகையில் தலைக்கவசம் மோத விழுந்தாள். விழுந்தால் காற்று நிரம்பும் பாதுகாப்புச் சட்டை போட்டிருந்தாள். அதன் கயிற்றைச் சேணத்தில் இன்னும் மாட்டாததால் அது வெடித்து ஊரைக் கூட்டவில்லை.

நான் கடிவாளத்தைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. யாரும் பாக்கலல்ல?”

“நான் பாத்தேன்.”

“நீயெல்லாம் கணக்குலயே கிடையாது. மண்ணைத் தட்டி விடு.”

தட்டிவிட்டேன். கவசத்தில் ஒட்டியிருந்த சேற்றையும் ஈரத் துணியால் துடைத்தேன். அதை மறைக்க மாட்டேன். விதிப்படி, விழுந்தவள் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் மறுபடி ஏறலாம். தலையில் அடி என்று அவர் எழுதிவிட்டால் அவ்வளவுதான், மூன்று வாரம் சேணத்தைத் தொட முடியாது. உலகப் போட்டிக்குத் தகுதி பெற இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றைக்குத் தடை எதிலும் தவறாமல், நேரத்துக்குள் ஓடி முடித்தால் இடம் உறுதி. இதை விட்டால் அடுத்த உலகப் போட்டி நான்கு வருடம் கழித்து. மாப்பிள்ளைக்கு இப்போதே பதினாறு வயது. அப்போது அவன் ஓய்வுபெற்றுப் புல் மேய்ந்துகொண்டிருப்பான்.

புறப்பட இருபது நிமிடம் இருந்தது.

நான் சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது அவள் பாதையை ஒப்பிக்க வேண்டும். பதினோரு வருடமாக எங்களுக்குள் இதுதான் வழக்கம். கிராஸ் கன்ட்ரி என்கிற திறந்தவெளித் தடை ஓட்டத்தில் குதிரைக்குப் பாதை தெரியாது. ஓட்டுகிறவள்தான் முன்கூட்டி நடந்து பார்த்து, முப்பது தடைகளையும், எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பேருமாக மூன்று தடவை நடந்திருந்தோம். என் முட்டி அதற்காக என்னை இன்னும் வைதுகொண்டிருந்தது.

“சொல்லு” என்றேன்.

“ஒண்ணு, பூத்தொட்டி, நேரா. ரெண்டு, மரக்கட்டை. மூணு, பள்ளம், கொஞ்சம் வேகத்தைக் குறைக்கணும்...”

மடமடவென்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ஒன்பது வரை ஒரு பிசிறில்லை.

“பத்து, குளம். தண்ணில இறங்கி, படகைத் தாண்டி, வலது பக்கம் ஏறணும்.”

என் கை வாரிலேயே நின்றுவிட்டது. குளத்தில் படகு இல்லை. அது போன வருடப் பாதை. முதல் ஒன்பது தடைகளும் இரண்டு வருடமும் ஒன்றுதான். இந்த வருடம் படகை எடுத்துவிட்டு, இடது கரையில் ஒரு முக்கோண வேலியை வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் அந்த வேலியின் முன்னால் நின்று, அதை எப்படித் தாண்டுவது என்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். வலது கரையில் கயிறு கட்டி, வேடிக்கை பார்க்கிற ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள்.

“படகு எங்கடி இருக்கு?”

“குளத்துலதான். வேற எங்க, மொட்டை மாடியிலயா?”

“அது போன வருஷம்.”

ஒரு கணம் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. “ஆமா ஆமா. இந்த வருஷம் இடது. வேலி. தெரியும்க்கா, வாய் தவறிடுச்சு.”

“மறுபடி சொல்லு.”

சொன்னாள். பத்தாவதில் மறுபடியும் படகு வந்தது. தவறியது அவளுக்கே தெரியவில்லை, பதினொன்றுக்குப் போய்விட்டாள்.

“நீ ஓடல” என்றேன்.

“அம்புக்குறி போட்டிருக்கும். பாத்துப் போறேன்.”

“நிமிஷத்துக்கு ஐநூத்தியெழுபது மீட்டர் பறக்குறப்போ அம்புக்குறி படிப்பியா? கயித்துக்குப் பின்னாடி குழந்தைங்க நிக்குதுடி.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. கெஞ்சிக் கேக்குறேன்.” நான் கையை விடுவித்துக்கொள்ளவும் குரல் மாறியது. “உனக்குப் பயம் வந்து நீ இறங்கிட்ட. இப்ப என்னையும் இறக்கிவிடணும், அதானே?”

சுருக்கென்று தைத்தது. நானும் ஓட்டினவள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தின் விளிம்பில் குதிரையை நிறுத்தி, இனி ஓட முடியாது என்று கையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே தாவி ஏறிவிட்டாள். பயிற்சித் திடலில் மூன்று தடைகளைத் தாண்டினாள், மூன்றும் அழகு. ஒலிபெருக்கியில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் மாப்பிள்ளையின் பக்கத்திலேயே ஓடினேன். அவள் கீழே பார்க்கவில்லை. புறப்படும் கட்டத்துக்குள் நுழைந்தாள். கடிகாரத்தோடு நின்ற அதிகாரி, “முப்பது நொடி” என்றார். மாப்பிள்ளை காது இரண்டையும் முன்னால் நீட்டினான். “பத்து. ஒன்பது.”

“ஐயா, இவ விழுந்தா!” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “லாரிகிட்ட. தலையில அடி. நான்தான் மறைச்சேன்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு கட்டத்தின் குறுக்கே கையை நீட்டினார்.

என் தங்கை கத்தவில்லை. “எனக்கு இனிமே அக்கா கிடையாது” என்றாள்.

முதலுதவி அறையில் டாக்டர் அவள் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பேசிக்கிட்டே இருங்கம்மா. நினைவு தெளிய ஆரம்பிச்சா நல்லது. தெளியலன்னா உடனே என்னைக் கூப்பிடுங்க.”

சின்னவள் கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, சுத்தமா முடிச்சேனா? நேரம் எத்தனை?”

“நீ ஓடலடி.”

“ஏன்?”

“நீ விழுந்த. நான் போய்ச் சொல்லிட்டேன்.”

அழுதாள். திட்டினாள். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு அதே சிரிப்போடு, “அக்கா, சுத்தமா முடிச்சேனா?”

டாக்டரே கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படியும் மறந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான்தான் சொன்னேன் என்றே மறுபடி சொன்னேன். மறுபடி அழுதாள். மூன்றாவது தடவையும் அந்தச் சிரிப்பு வந்தது. திட்டைத் தாங்கிக்கொண்டேன், சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இவள் இனிமேல் இப்படியேதான் இருப்பாளோ என்று பயந்தேன்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். நான் பதிலோடு தயாராக இருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நீதானே காட்டிக் குடுத்த” என்றாள். “என் மூஞ்சிலயே முழிக்காத. வெளிய போ.”

நான் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

“டாக்டர், ஓடி வாங்க! என்னை வெளிய போகச் சொல்றா!”